'போவார்' என்றால் நேற்றா, நாளையா? – பிரெஞ்சுக் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: பிரெஞ்சின் 'அம்பர்ஃபெ' என்ற இறந்தகாலம். திருமலையில் (திருகோணமலையில்) என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளும் இதே இடத்தில்தான் தடக்குப்படுகிறார்கள். அதனால் இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

வாசிக்கும் முன் ஒன்று. பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது மூக்கொலி வரும் இடத்தில் பெரும்பாலும் 'ன்' போட்டிருக்கிறேன். அந்த 'ன்'னுக்கு நாக்கு மேலே முட்டக் கூடாது, மூக்கால் விட வேண்டும். சொல்லின் கடைசியில் 'எ' என்று எழுதியிருந்தால் வாயை அகலத் திறந்து சொல்லுங்கள், 'ஏ' என்று எழுதியிருந்தால் உதட்டை இழுத்துப் புன்னகைப்பதுபோல் சொல்லுங்கள்.

கேள்வி: அம்பர்ஃபெ என்பது ஆங்கிலத்தில் வரும் 'வாஸ் கோயிங்' தானே? ரியூசனில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். ஆனால் பயிற்சி செய்யும்போது பாதிக்குப் பாதி பிழைக்கிறது.
– ஏ.எல். மாணவி, உவர்மலை

பதில்: பிழைக்கத்தான் செய்யும், பிள்ளை. 'வாஸ் கோயிங்' அம்பர்ஃபெயின் ஒரு மூலையைத்தான் பிடிக்கும். மற்ற இரண்டு மூலைகளும் வெளியே நிற்கும். தமிழ்ப் பிள்ளைகள் பிரெஞ்சு படிக்க ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போவது எனக்கு என்றைக்கும் மனவருத்தம் தருகிற விஷயம். இந்த இடத்தில் தமிழிலிருந்து நேரே போனால் வழி மிகக் கிட்ட.

உங்கள் அம்மம்மா பழங்கதை சொல்லும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். "அந்த நாளில அப்பா விடியக் காலமை எழும்புவார், டொக்யார்ட்டுக்குச் சைக்கிள்ல போவார், பின்னேரம் வரேக்க பாண் வாங்கிக்கொண்டு வருவார்." எழும்புவார், போவார், வருவார். இலக்கணப் புத்தகத்தில் இவை எதிர்காலம். அம்மம்மா சொல்வதோ 1957இல் பிரிட்டிஷ் கடற்படை இந்தத் துறைமுகத்தை விட்டுப் போவதற்கு முந்திய கதை. கேட்கிற யாரும் "எப்ப போவார், நாளைக்கா?" என்று கேட்பதில்லை. அது அந்தக் காலத்து வழக்கம் என்று எல்லோருக்கும் விளங்குகிறது. அம்மம்மாவின் அந்தப் 'போவார்' பிரெஞ்சில் அம்பர்ஃபெ. 'வேலை செய்வார்' என்றால் 'இல் த்ராவாயெ'.

இரண்டாவது, நீங்கள் சொன்ன 'வாஸ் கோயிங்'. நான் சமைத்துக்கொண்டிருந்தேன், கரண்ட் போய்விட்டது. இதில் 'சமைத்துக்கொண்டிருந்தேன்' அம்பர்ஃபெ, 'ஜ ப்ரெபாரெ'. கரண்ட் போனது, நடந்து முடிந்த சம்பவத்தைச் சொல்லும் மற்ற இறந்தகாலம், பஸே கொம்போஸே.

மூன்றாவது, 'இருந்தது' என்று முடியும் நிலைமைகள். கடல் அமைதியாக இருந்தது: 'லா மெர் ஏதெ கால்ம்'. வீடு சிறியதாக இருந்தது, பசித்தது, குளிராக இருந்தது, அவருக்கு வயது நாற்பது. ஒரு படத்துக்குப் பின்னால் தீட்டுகிற பின்னணிபோல வருபவை எல்லாம் இதில் அடங்கும்.

போவார், போய்க்கொண்டிருந்தார், அப்படி இருந்தது. தமிழ் மூன்று உருவத்தில் சொல்வதைப் பிரெஞ்சு ஒரே உருவத்தில் சொல்கிறது. மூன்றுக்கும் பொது என்னவென்றால், நாங்கள் அந்த நேரத்துக்கு உள்ளே நின்று பேசுகிறோம். அது எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்பது பேச்சிலேயே இல்லை.

சந்தேகம் வந்தால் என் வகுப்பில் இரண்டு கேள்வி கேட்கச் சொல்வேன். எழுதப்போகும் வசனம் "அப்போது எப்படி?" என்ற கேள்விக்குப் பதிலா, "பிறகு என்ன நடந்தது?" என்ற கேள்விக்குப் பதிலா? முதலாவதென்றால் அம்பர்ஃபெ, இரண்டாவதென்றால் பஸே கொம்போஸே. அடுத்த பயிற்சியில் 'வாஸ் கோயிங்'கை மறந்துவிட்டு இதை மட்டும் வைத்துச் செய்து பாருங்கள்.

கேள்வி: மூன்று வகை வினைகளுக்கும் மூன்று அட்டவணை பாடமாக்க வேண்டுமா? இலகுவான வழி இருக்கிறதா?
– வாசகி, நிலாவெளி

பதில்: ஒரே அட்டவணை போதும். பிரெஞ்சு இலக்கணத்தில் இவ்வளவு ஒழுங்கான மூலை வேறு இல்லை என்றே சொல்வேன்.

நிகழ்காலத்தில் 'நூ', அதாவது 'நாங்கள்' வடிவத்தை எடுங்கள். அதன் வாலில் இருக்கும் ஓ, என், எஸ் என்ற மூன்று எழுத்தையும் வெட்டுங்கள். மிஞ்சுவதுதான் அடி. பார்லே (கதைக்க) என்ற வினைக்கு நிகழ்காலம் 'நூ பார்லோன்', வெட்டினால் 'பார்ல்'. ஃபினீர் (முடிக்க) என்பதற்கு 'நூ ஃபினிஸோன்', வெட்டினால் 'ஃபினிஸ்'. வாந்த்ர் (விற்க) என்பதற்கு 'நூ வான்தோன்', வெட்டினால் 'வான்த்'.

அந்த அடியோடு விகுதியைச் சேருங்கள். 'ஜ'வுக்கும் (நான்) 'த்யு'வுக்கும் (நீ) ஏ, ஐ, எஸ். 'இல்' (அவர்), 'எல்' (அவள்), 'ஓன்' (பொதுவாக ஒருவர் அல்லது நாங்கள்) மூன்றுக்கும் ஏ, ஐ, ரி. 'நூ'வுக்கு ஐ, ஓ, என், எஸ். 'வூ'வுக்கு (நீங்கள்) ஐ, ஈ, இசட். பன்மை 'இல்', 'எல்' (அவர்கள்) இரண்டுக்கும் ஏ, ஐ, ஈ, என், ரி. மூன்று வகை வினைக்கும் இதுதான், மாற்றமே இல்லை.

சொல்லிப் பாருங்கள்: ஜ பார்லெ, த்யு பார்லெ, இல் பார்லெ, நூ பார்லியோன், வூ பார்லியே, இல் பார்லெ. ஆறில் நான்கு காதுக்கு ஒன்றுதான். பன்மை விகுதியில் வரும் ஈ, என், ரி மூன்றும் ஊமை எழுத்துகள். எழுதும்போது கட்டாயம் வேண்டும், சொல்லும்போது கிட்டவும் வரக் கூடாது.

பிள்ளைகள் வழுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று ஃபினீர் வகை. 'ஜ ஃபினிஸெ' என்று வர வேண்டியதை 'ஜ ஃபினெ' என்று எழுதிவிடுவார்கள். நடுவில் வரும் அந்த 'இஸ்' நூ வடிவத்திலிருந்து வந்தது, அதை விடக் கூடாது. மற்றது 'நூ பார்லோன்', 'நூ பார்லியோன்' என்ற இரண்டும். முதலாவது 'நாங்கள் கதைக்கிறோம்', இரண்டாவது 'நாங்கள் கதைப்போம், அந்த நாளில்'. இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு 'இ'. அதை விழுங்கினால் காலமே மாறிவிடும்.

ஒழுங்கில்லாத வினைகளைப் பற்றியும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயப்பட ஒன்றுமில்லை. நிகழ்காலத்தில் எவ்வளவு முரண்டு பிடிக்கிற வினையும் அம்பர்ஃபெயில் இதே வழிக்கு வந்துவிடும். 'நூ ஸாவோன்' (எங்களுக்குத் தெரியும்) என்றால் 'ஜ ஸாவெ'. 'நூ ப்ரனோன்' (எடுக்கிறோம்) என்றால் 'ஜ ப்ரனெ'. அடி மாறுவது 'எத்ர்' (இருக்க) என்ற ஒன்றுக்கு மட்டும்தான்: ஜேதெ, த்யு ஏதெ, இல் ஏதெ, நூஸ் ஏதியோன், வூஸ் ஏதியே, இல்ஸ் ஏதெ. இதை மட்டும் தனியாகப் பாடமாக்குங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பாதையைப் பற்றிப் பிரெஞ்சில் ஐந்து வசனம் எழுதியிருக்கிறேன். திருத்தித் தருவீர்களா, ரீச்சர்? அவான், இல் நியாவெ பா த போன். ஓன் ட்ராவெர்ஸெ ஆன் பாக். தூ லே மத்தேன், மோன் பேர் ஆ அத்தாந்த்யு ல பாக். அன் ஜூர், ல பாக் எ தோம்பே ஆன் பான். மோன் பேர் அத்தாந்தெ த்ருவாஸேர்.
– வாசகர், கிண்ணியா

பதில்: மிக நல்ல பத்தி, தம்பி. தெரியாத வாசகர்களுக்குச் சொல்கிறேன்: 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்குப் போக மிதவைப் படகுதான். அதை எங்கள் பக்கத்தில் 'பாதை' என்போம். தம்பி எழுதியதன் பொருள் இது: முன்பு பாலம் இருக்கவில்லை. பாதையில்தான் கடப்போம். ஒவ்வொரு காலையும் அப்பா பாதைக்குக் காத்து நிற்பார். ஒருநாள் பாதை பழுதாகிவிட்டது. அப்பா மூன்று மணித்தியாலம் காத்து நின்றார்.

முதல் இரண்டு வசனமும் சரி. 'இல் நியாவெ பா' நிலைமை, 'ட்ராவெர்ஸெ' வழக்கம், இரண்டும் அம்பர்ஃபெ. நான்காவதும் சரி. பழுதானது ஒருநாள் நடந்த சம்பவம், "பிறகு என்ன நடந்தது?" என்பதற்கு நேர்ப் பதில்.

மூன்றாவதும் ஐந்தாவதும் இடம் மாறி நிற்கின்றன. ஒவ்வொரு காலையும் காத்து நின்றது வழக்கம், ஆகவே அங்கேதான் 'மோன் பேர் அத்தாந்தெ ல பாக்' வர வேண்டும். நீங்கள் மனதுக்குள் 'காத்து நின்றார்' என்று நினைத்து எழுதியிருப்பீர்கள். 'காத்து நிற்பார்' என்று நினைத்திருந்தால் கை தானாகவே அம்பர்ஃபெக்குப் போயிருக்கும்.

ஐந்தாவது வசனம் இன்னும் முக்கியம், ஏனென்றால் இதில் நன்றாகப் படித்தவர்களும் பிழை விடுகிறார்கள். மூன்று மணித்தியாலம் என்பது நீண்ட நேரம், காத்து நிற்பது இழுபடுகிற வேலை, எனவே அம்பர்ஃபெ என்று முடிவு செய்தீர்கள். ஆனால் நீளம் இங்கே கணக்கில்லை. 'மூன்று மணித்தியாலம்' என்று அளந்து சொன்ன உடனேயே தொடக்கமும் முடிவும் வந்துவிட்டன. நேரத்துக்கு உள்ளே நின்றவர் வெளியே வந்து திரும்பிப் பார்த்து அளக்கிறார். அப்போது பஸே கொம்போஸேதான்: 'மோன் பேர் ஆ அத்தாந்த்யு த்ருவாஸேர்'. மூன்று மணித்தியாலத்தை முப்பது வருடம் ஆக்கினாலும் இதுவே. முப்பது வருடம் கிண்ணியாவில் வாழ்ந்தேன் என்பதற்கு 'ஜே ஆபித்தே த்ரான்த் ஆன் ஆ கிண்ணியா'. 'அந்தக் காலத்தில் கிண்ணியாவில் இருந்தேன்' என்று அளவில்லாமல் சொன்னால்தான் 'ஜாபித்தெ'.

'தூ லே மத்தேன்' (ஒவ்வொரு காலையும்), 'தூஜூர்' (எப்போதும்), 'ஸூவான்' (அடிக்கடி) போன்ற சொற்கள் வந்தால் அம்பர்ஃபெ, 'அன் ஜூர்' (ஒருநாள்), 'ஸுதேன்' (திடீரென்று) வந்தால் பஸே கொம்போஸே என்று சில புத்தகங்கள் பட்டியல் போடும். தொடக்கத்தில் அது உதவும். ஆனால் அந்தச் சொற்கள் இல்லாத வசனத்திலும் முடிவெடுக்க வேண்டுமே. உங்கள் ஐந்தாவது வசனத்தில் எந்தப் பட்டியல் சொல்லும் இல்லை, பாருங்கள்.

கேள்வி: கணவர் பிரான்சில் இருக்கிறார். நான் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வின் ஏ2 நிலைக்குப் படிக்கிறேன். வங்கியில் வேலை செய்தேன் என்று சொல்ல 'ஜ த்ராவாயெ'யா, 'ஜே த்ராவாயே'யா? எனக்கு இரண்டும் ஒரே மாதிரிக் கேட்கிறது.
– வாசகி, மூதூர்

பதில்: இரண்டும் சரியான பிரெஞ்சு. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "திருகோணமலையில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டால் அவர் உங்கள் அந்த நாள் வாழ்க்கையைக் கேட்கிறார்: 'ஜ த்ராவாயெ தான்ஸ் யுன் பான்க்'. "எவ்வளவு காலம்?" என்று அடுத்ததாகக் கேட்டால் அளவு வந்துவிட்டது: 'ஜே த்ராவாயே த்ருவாஸான்', மூன்று வருடம் வேலை செய்தேன்.

காதுக்கு ஒன்றாகக் கேட்பது எல்லோருக்கும் வரும் கஷ்டம். கடைசி உயிரை மட்டும் நம்பாதீர்கள். பிரெஞ்சுக்காரர்களிலேயே ஊருக்கு ஊர் அந்த 'எ'யும் 'ஏ'யும் நெருங்கி ஒலிக்கும். தொடக்கத்தைக் கேளுங்கள். அம்பர்ஃபெயில் 'ஜ' குறுகி, பாதி விழுங்கினதுபோல் வரும். பஸே கொம்போஸேயில் 'ஜே' என்று தெளிவாக விழும், ஏனென்றால் அங்கே 'அவுவார்' என்ற துணைவினை ஒளிந்திருக்கிறது. நீங்கள் பேசும்போதும் அந்த முதல் அசையைத் துப்பரவாகச் சொன்னால் தேர்வாளருக்குக் காலம் விளங்கிவிடும்.

ஏ2 எழுத்துப் பகுதியில் உங்களுக்கு நேர்ந்த ஒன்றை 60 சொல்லுக்குக் குறையாமல் எழுதச் சொல்வார்கள். முதல் இரண்டு வசனத்தில் இடம், காலநிலை, யார் இருந்தார்கள் என்பதை அம்பர்ஃபெயில் வையுங்கள். பிறகு சம்பவங்களைப் பஸே கொம்போஸேயில் வரிசையாகச் சொல்லுங்கள். கடைசியில் எப்படி இருந்தது என்று ஒரு வசனம்: 'ஸேதெ மான்யிஃபிக்', அருமையாக இருந்தது. இந்த ஒழுங்கில் பழகிக்கொண்டு போனால் மண்டபத்தில் கை நடுங்காது. நல்லபடி போய்ச் சேருங்கள், தங்கச்சி.

கேள்வி: விடுதி வரவேற்பில் வேலை செய்கிறேன். பிரெஞ்சு விருந்தினர் ஒருவர் வந்து 'ஜ வூலெ வூ தமாந்தே' என்று தொடங்கினார். உங்களிடம் கேட்க விரும்பினேன் என்பது இறந்தகாலம் அல்லவா? அவர் அப்போதுதானே புறாத்தீவுக்குப் படகு கேட்கிறார்?
– வாசகர், உப்புவெளி

பதில்: மரியாதைக்காக ஒரு அடி பின்னுக்கு வைத்துப் பேசுகிறார். நீங்களும் அதைத்தானே செய்கிறீர்கள்? முதலாளியிடம் லீவு கேட்கப் போனால் "ஐயா, உங்களிட்ட ஒண்டு கேக்கலாம் எண்டு வந்தனான்" என்று தொடங்குவீர்கள். நிற்பது அவர் முன்னால், பேசுவது இறந்தகாலத்தில். 'ஜ வ', எனக்கு வேண்டும், என்று நேரே சொன்னால் முரட்டுத்தனமாக இருக்கும். 'ஜ வூலெ' கதவைத் தட்டி உள்ளே வருவது மாதிரி.

நீங்களும் பாவியுங்கள். விருந்தினர் தயங்கி நின்றால் 'வூ தெஸிரியே?' என்று கேளுங்கள். பழைய கடைக்காரர்களின் பண்பான கேள்வி அது. தெஸிரே என்ற ஒழுங்கான வினையின் அம்பர்ஃபெதான்.

கேள்வி: திருமலைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரரும் ஒருகாலம் பிடித்திருந்தார்களே. அந்த வரலாற்றைச் சொல்ல எந்தக் காலம் பொருந்தும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருகோணமலை

பதில்: ஐயா, உங்கள் கேள்விக்கு என் மனம் நிறைந்த நன்றி. இரண்டு காலத்தையும் ஒரே வசனத்தில் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எங்கள் ஊரில் கிடையாது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் திருமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேன் வந்து அவர்களிடமிருந்து பறித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி வெளிக்கடலில் ஆங்கிலக் கப்பற்படையோடு பெரிய சண்டை. யுத்தம் முடிந்தபின் ஊர் திரும்பவும் ஒல்லாந்தரிடமே போனது.

பிரெஞ்சில்: 'ஆன் 1782, லேஸ் ஆங்க்லெ ஒக்யுபெ ல ஃபோர் கான் சுஃப்ரேன் எத் அரிவே.' ஆங்கிலேயர் கோட்டையை வைத்திருந்தார்கள், அப்போது சுஃப்ரேன் வந்து சேர்ந்தார். 'ஒக்யுபெ' அம்பர்ஃபெ, ஏற்கெனவே நிலவிய நிலைமை. 'எத் அரிவே' பஸே கொம்போஸே, அந்த நிலைமையைக் குலைத்த சம்பவம். ஆனால் 'ஆங்கிலேயர் சில மாதங்கள் கோட்டையை வைத்திருந்தார்கள்' என்று அளந்து சொன்னால் அதே ஒக்யுபே வினை பஸே கொம்போஸேக்குப் போய்விடும். கிண்ணியாத் தம்பியின் மூன்று மணித்தியாலக் கணக்கேதான்.

பிரெஞ்சு வரலாற்று நூல்களில் 'அரிவா' போன்ற பஸே ஸாம்ப்ல் என்ற எழுத்துநடைக் காலம் வரும். அதைக் கண்டு கலங்க வேண்டாம், பஸே கொம்போஸேயின் இடத்தில்தான் அது நிற்கிறது. அம்பர்ஃபெ அங்கேயும் அம்பர்ஃபெதான்.

கேள்வி: மான்ஜே, கொமான்ஸே, எத்யுதியே மூன்றுக்கும் எழுத்துக்கூட்டல் ஏன் விசித்திரமாக இருக்கிறது?
– வாசகி, தம்பலகாமம்

பதில்: உச்சரிப்பைக் காப்பாற்றத்தான். மான்ஜே (சாப்பிட) என்பதில் ஜி எழுத்துக்குப் பிறகு ஏ எழுத்து வந்தால் 'க' என்று ஒலிக்கும். அதனால் நடுவில் ஒரு ஈ வைக்கிறார்கள்: ஜ மான்ஜெ. நூ, வூ வடிவங்களில் விகுதி ஐயில் தொடங்குவதால் அந்த ஈ தேவையில்லை. கொமான்ஸே (தொடங்க) என்பதில் அதே காரணத்துக்காகச் சி எழுத்தின் அடியில் சிறு வால் போடுவார்கள். நூ, வூ இரண்டுக்கும் அந்த வாலும் வேண்டாம். எத்யுதியே (படிக்க) என்பதில் அடியே ஐயில் முடிகிறது, விகுதியும் ஐயில் தொடங்குகிறது, ஆகவே நூ, வூ வடிவங்களில் இரண்டு ஐ அடுத்தடுத்து வரும். அச்சுப்பிழை என்று நினைத்து ஒன்றை வெட்டிவிடாதீர்கள்.

கேள்வி: 'ஸி ஓன் ஆலெ ஆ லா பிளாஜ்?' என்று கேட்டால் 'கடற்கரைக்குப் போனோமா?' என்று பொருளா?
– வாசகர், சீனக்குடா

பதில்: இல்லை, "கடற்கரைக்குப் போவோமா?" என்று அழைக்கிறார்கள். 'ஸி'யோடு அம்பர்ஃபெ வந்தால் அது நடந்ததைச் சொல்லாது. தனியாகக் கேள்வியாக நின்றால் யோசனை சொல்வது. இன்னொரு வசனத்தோடு சேர்ந்தால் 'இருந்தால்', 'செய்தால்' என்ற பொருள்: 'ஸி ஜாவெ ல தான், ஜ வியேன்த்ரெ', நேரம் இருந்தால் வருவேன், ஆனால் இல்லை. இங்கே 'ஸி' நிற்கும் பாதியில் அம்பர்ஃபெ, மற்றப் பாதியில் கோந்திசியோனெல் என்ற நிபந்தனை வடிவம். இரண்டு பாதியிலும் கோந்திசியோனெல் போடுவது பெரிய பிழை, பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கே பள்ளியில் இதற்குத் திட்டு விழும். அந்தக் கோந்திசியோனெலுக்கும் இதே ஆறு விகுதிகள்தான், அடி மட்டும் வேறு. அதை அடுத்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். 'ஸி' வைத்து இரண்டு வசனம் எழுதி அனுப்புங்கள், அதிலிருந்தே தொடங்கலாம்.